வேகம் குறைந்ததை யார் கவனிப்பது?

சென்னையில் ஆய்வுக்காகக் கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த பல கணினிகள்) நடத்தும் கல்வி நிறுவனங்கள், ஆய்வகங்கள் ஆகியவற்றின் கணினிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கிளஸ்டரில் புது கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) போடுகிறீர்கள், லைப்ரரிகளை (புரோகிராம்கள் பொதுவில் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்புகளை) அப்டேட் செய்கிறீர்கள், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பேட்ச் போடுகிறீர்கள். அதன்பிறகு ஒரு சோதனை நடக்கும்: புரோகிராம் ஓடுகிறதா, விடை சரியாக வருகிறதா என்று. இரண்டும் சரி என்றால், “பராமரிப்புப் பணி முடிந்தது, ஜாப் அனுப்பலாம்” என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்துவிடும். போன வாரம் ஆறு மணி நேரத்தில் முடிந்த ஜாப், அதாவது கிளஸ்டரிடம் கொடுத்த கணக்கு வேலை, இந்த வாரமும் ஆறு மணி நேரத்தில் முடிகிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. நூறு நோடு (தனிக் கணினி) உள்ள ஒரு கிளஸ்டரில் எல்லா ஜாப்பும் பத்து சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தால், ஒன்பது நோடைக் கழற்றி மூலையில் வைத்ததற்குச் சமம். நிஜமாகவே ஒன்பது நோடு செத்துப்போனால் என்ன நடக்கும்? சப்ளையருக்கு போன் பறக்கும், வாரன்டி பேப்பரைத் தேடுவோம், குழுக் கூட்டத்தில் அது முதல் அயிட்டமாக இருக்கும். அதே இழப்பு ஒரு லைப்ரரி அப்டேட் வழியாக வந்தால் ஒரு சத்தமும் இல்லை. மின்சாரமும் அதேபோல் போகிறது, ஏசியும் அதேபோல் ஓடுகிறது. ஜாப்கள் காத்திருக்கும் க்யூ மட்டும் கொஞ்சம் நீள்கிறது.

பெயர் வேண்டாம், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூலக்கூறுகளின் எலெக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் ஒரு ஆராய்ச்சி மாணவி. கோடைப் பராமரிப்புக்குப் பிறகு அவருடைய ஜாப்கள் இருபத்து நான்கு மணி நேர வரம்பைத் தொட்டு, பாதியில் கில் ஆக ஆரம்பித்தன. உதவிக்குப் போனால், “சிஸ்டம் சைஸைக் கொஞ்சம் குறைச்சுப் பாரும்மா” என்றார்கள். அவருடைய கைடு, இன்புட் ஃபைலை மறுபடி பார்க்கச் சொன்னார். நல்லவேளை, அந்தப் பெண் பழைய அவுட்புட் ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்தார். அந்தப் புரோகிராம் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எடுத்த நேரத்தை எழுதிவிடும். பழைய ஃபைலில் நாற்பது விநாடிக்குப் பக்கத்தில் இருந்த எண், புதியதில் ஒரு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. இன்புட் அதே இன்புட், விடையும் கடைசித் தசமம் வரை அதே விடை.

காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேட்ரிக்ஸ் (எண் அட்டவணை) கணக்குகளுக்கான ஓபன்பிளாஸ் லைப்ரரி முன்பு ஒரே த்ரெட்டில் (ஒரே வேலை இழையில்) ஓடும்படி பில்ட் செய்யப்பட்டிருந்தது. புதியது பல த்ரெட்டில் ஓடும் வகை. நோடில் 48 கோர் (கணக்குப் போடும் அலகு). ஒரு வேலையைப் பல பிராசஸாகப் பிரித்து ஓட்டும் எம்பிஐ மூலம் 48 பிராசஸ் ஏற்கெனவே கோருக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் லைப்ரரிக்குள் நுழைந்ததும் தன் பங்குக்கு 48 த்ரெட்டைத் திறக்கிறது. 48 கோருக்கு 2304 த்ரெட் முட்டி மோதினால் என்ன ஆகும்? இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மேட்ரிக்ஸ் சின்னதாக இருந்தால் ஓபன்பிளாஸ் வேலையைப் பிரிக்காது, ஒரே த்ரெட்டில் முடித்துவிடும். அப்டேட்டுக்குப் பிறகு ஓட்டிப் பார்த்த மாதிரி இன்புட்டோ ஒரு தண்ணீர் மூலக்கூறு. அது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து “பாஸ்” ஆகிவிட்டது. நிஜ ஆய்வின் அளவுள்ள மேட்ரிக்ஸ் வந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

திருத்தம், ஜாப் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி. அந்த வரி கிடைக்கும்வரை அதே லைப்ரரியைப் பயன்படுத்திய எல்லோரும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் புகார் செய்யவில்லை. “இப்பல்லாம் க்யூ ரொம்ப மோசம்” என்று டீக்கடையில் அலுத்துக்கொண்டதோடு சரி. அந்த ஆண்டு கூடுதல் நோடு வாங்கக் கோரிக்கையும் போனது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: “வாங்கும்போதே லின்பேக் ஓட்டிச் சரிபார்த்துத்தானே வாங்கினோம்.” வாஸ்தவம். 1993 முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்துவதும் லின்பேக் என்ற அந்த வேகச் சோதனைதான். 2004-ல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ‘கப்ரு’ கிளஸ்டர் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் லின்பேக் ஏறக்குறைய தன் நேரம் முழுவதையும் பெரிய மேட்ரிக்ஸ் பெருக்கலில் செலவிடுகிறது. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் திறந்து மூடும் மரபணுத் தொடர் ஆய்வு, நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் இடையே ஓயாமல் டேட்டாவை இழுக்கும் கடல் மாடல் (கடலின் போக்கைக் கணக்கிடும் புரோகிராம்), தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான பைத்தான் ஃபைல்களை இம்போர்ட் செய்யும் ஸ்கிரிப்ட், இவற்றில் எது மெதுவானாலும் லின்பேக்குக்குத் தெரியாது. அதோடு, ஏற்புச் சோதனையன்று ஓட்டிய லின்பேக்கை அதற்குப் பிறகு எத்தனை பேர் மறுபடி ஓட்டினீர்கள்?

பயனர்களின் சொந்தப் புரோகிராம்களைக் கொண்டு, நிறைய, பலவகையாகச் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். வேகம் குறையும் இடங்கள் நாம் எதிர்பார்க்கும் இடங்களில் இருப்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படையான ஜிலிப்சி லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த 2.28 பதிப்புக்கு முன்புவரை, அடுக்கு கணக்கிடும் ‘பௌ’ ஃபங்ஷன் பெரும்பாலான எண்களுக்கு வேகமாகவும், அரிதான சில எண்களுக்குப் பல நூறு மடங்கு மெதுவாகவும் ஓடியது. கடைசி பிட் வரை துல்லியமாக வரவேண்டும் என்பதற்காக நீண்ட இலக்கக் கணக்குக்குள் இறங்கிவிடும். ஒரே புரோகிராம், ஒரே நோடு. இவருடைய டேட்டாவுக்குப் பறக்கும், அவருடைய டேட்டாவுக்குத் தவழும். எந்தப் பொது பெஞ்ச்மார்க்கிலும் (வேகச் சோதனையிலும்) இது மாட்டாது.

இதைவிட வேடிக்கையானது மிகச் சிறிய எண்களின் கதை. ஒரு அலை தேய்ந்து தேய்ந்து அடங்குவதைக் கணக்கிடுகிறீர்கள் என்று வையுங்கள். மதிப்புகள் சுழியை நெருங்கி, பத்தின் அடுக்கு மைனஸ் 308-க்கும் கீழே போகின்றன. இயற்பியலுக்கு அது பூஜ்யம்தான். பிராசஸரோ அந்த எண்களையும் விடாமல் மதித்து, தனியாக ஒரு மெதுவான வழியில் கணக்குப் போடுகிறது. கம்பைலரின் ‘ஃபாஸ்ட் மேத்’ ஆப்ஷனோடு பில்ட் செய்திருந்தால் அவை பூஜ்யமாக அடிக்கப்பட்டு வேகம் குறையாது. யாரோ ஒருவர் நியாயமான காரணத்துக்காக அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டால், புரோகிராம் தொடக்கத்தில் பழைய வேகத்திலும், நேரம் போகப் போக நத்தை வேகத்திலும் ஓடும். ஐந்து நிமிடச் சோதனையில் ஒன்றும் தெரியாது. அலை அடங்கும்வரை ஓடவிட்டால்தான் தெரியும்.

வன்பொருளோடு சேர்ந்து வருவதும் உண்டு. இன்டெலின் கணித லைப்ரரியான எம்கேஎல், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்பைக் கண்டால் தன் வேகமான வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தது. அதைச் சமாளிக்க ஒரு சூழல் மாறியை (புரோகிராம் தொடங்கும்போது படிக்கும் அமைப்பை) செட் செய்யும் தந்திரம் பல ஆய்வகங்களில் புழங்கியது. 2020-ல் வந்த ஒரு அப்டேட்டில் அந்த வாசல் மூடப்பட்டது. ஸ்கிரிப்டில் அந்த வரி அப்படியே இருக்கும், எர்ரர் எதுவும் வராது, அது வேலை மட்டும் செய்யாது. 2018 ஜனவரியில் பிராசஸர்களில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது போட்ட பேட்ச்களும் அப்படித்தான். அவசியமானவை, போட்டே ஆக வேண்டியவை, ஆனால் சில வகை வேலைகளுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு விலை கொடுத்தோம் என்று நம் ஊரில் அளந்து வைத்தவர்களை நான் சந்தித்ததில்லை.

வேகத்தைக் கவனிப்பது வெறும் சிக்கன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஒரு பெஞ்ச்மார்க்குக்காகத் தன் கணினியில் தேவையற்ற சலசலப்பை எல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் தோண்டினார். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புதைத்து வைத்திருந்த பின்வாசல் அகப்பட்டது. உலகம் முழுவதும் லினக்ஸ் சர்வர்களுக்குப் பரவியிருக்க வேண்டிய ஆபத்து அது. அதைக் காட்டிக்கொடுத்தது எந்த வைரஸ் ஸ்கேனரும் இல்லை, வழக்கமான நேரம் எவ்வளவு என்று தெரிந்த ஒரு மனிதர்.

வழக்கமான நேரம் எவ்வளவு என்று உங்கள் கிளஸ்டரில் எங்கே எழுதி வைத்திருக்கிறது? வீட்டில் இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் கரண்ட் பில் திடீரென்று எகிறினால், எது ஓடுகிறது என்று தேடுகிறோம். பழைய பில் கையில் இருப்பதால்தான் எகிறியதே தெரிகிறது. ஒவ்வொரு ஜாப்பும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை, க்யூவை நிர்வகிக்கும் ஸ்லர்ம் மென்பொருள் ஏற்கெனவே பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவுகளை நிதி அறிக்கைக்குப் பயன்பாட்டுச் சதவீதம் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் நாம் திறப்பதில்லை. இன்புட் மாறிக்கொண்டே இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாதுதான். சந்தேகப்பட அது போதும்.

சரி, தினமும் ஓட்டி நேரத்தைக் குறித்து வைத்தால் போதுமா என்றால், இங்கேதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது. நேரத்தை அளப்பது பார்ப்பதற்கு எளிது, நம்பத்தகுந்த மாதிரி அளப்பது பெரிய வேலை. பிராசஸர் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னையில் கத்திரி வெயில் நாளில், இரண்டு ஏசியில் ஒன்று மக்கர் செய்யும் மெஷின் ரூமில் எடுத்த நேரத்தையும், மார்கழி விடியற்காலையில் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுவிட்டு கம்பைலர்மேல் பழி போட முடியாது. 2009-ல் மிட்கோவிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டினார்கள்: சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே நினைவக அமைவு தள்ளிப்போய் அதே புரோகிராமின் நேரம் மாறுகிறது. அதாவது லாகின் பெயர் நீளமாக உள்ளவருக்கு ஒரு நேரம், குட்டையாக உள்ளவருக்கு ஒரு நேரம் வரலாம்.

இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. பழையதை நேற்றும் புதியதை இன்றும் ஓட்டாதீர்கள். ஒரே நோடில் பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வெயில் அடித்தால் இரண்டுக்கும் சேர்த்தே அடிக்கும். நேரத்தோடு, பிராசஸர் நிறைவேற்றிய கட்டளைகளின் எண்ணிக்கையையும் எடுங்கள். லினக்ஸின் ‘பெர்ஃப்’ கருவி அதைத் தருகிறது, வெயில் மழை எதற்கும் அது அசையாது. ரஸ்ட் என்ற கணினி மொழியின் கம்பைலர் குழுவினர் ஒவ்வொரு மாற்றத்தையும் எடைபோட முதலில் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். எஸ்கியூலைட் டேட்டாபேஸ்காரர்கள் கேஷ்கிரைண்ட் என்ற கருவியில் இப்படி எண்ணி எண்ணியே, நூற்றுக்கணக்கான சிறு திருத்தங்களைச் சேர்த்து, 2014-ல் வந்த பதிப்பைக் கணிசமாக வேகப்படுத்தினார்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் ஆபத்து. நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் வராது. நான் மேலே சொன்ன 2304 த்ரெட் கதையிலும் அது பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

பெரிய அளவில் சோதிக்கும்போது இன்னொரு தொல்லை முளைக்கும். ஐநூறு சோதனைகளை இரவுதோறும் ஓட்டுகிறீர்கள், ஒவ்வொன்றும் தற்செயலாகப் பொய் மணி அடிக்க ஐந்து சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஒன்றுமே கெட்டுப்போகாத இரவிலும் இருபத்தைந்து மணி அடிக்கும். மூன்றாம் நாள் அந்த மின்னஞ்சலை யாரும் திறக்க மாட்டார்கள், நானும்தான். அதனால் ஒரு எண் எல்லை மீறியதும் கூச்சல் போடாமல், தானாக மறுபடி ஓட்டி, தொடர்ந்து சில நாள் புது மட்டத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஒரு ஆளை எழுப்ப வேண்டும். பைத்தானின் நம்பை கணித லைப்ரரிக் குழுவினர் பயன்படுத்தும் ‘ஏர்ஸ்பீட் வெலாசிட்டி’ கருவி வரைபடத்தில் படிக்கட்டு போல மட்டம் மாறிய இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மையம் உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கும் ‘ரீஃபிரேம்’ கிளஸ்டர்களுக்கென்றே எழுதப்பட்டது. இந்தச் சோதனை இந்த மெஷினில் இந்த வேகம், இத்தனை சதவீதம் வரை விலகலாம் என்று எழுதிவைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கருவிக்கு ஒரு பைசா செலவு இல்லை.

மட்டம் மாறியது தெரிந்துவிட்டது, யார் மாற்றினார்கள்? ஒரே புரோகிராமின் கோட் என்றால் எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேடித் தரும் ‘கிட் பைசெக்ட்’ இருக்கிறது. பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனால் ஆயிரம் கமிட்டுக்குள் (பதிந்த மாற்றங்களுக்குள்) ஒளிந்திருப்பதைப் பத்தே ஓட்டத்தில் பிடித்துவிடலாம். கிளஸ்டரில் அப்படி வசதியாக எதுவும் நடப்பதில்லை. ஒரே பராமரிப்பு நாளில் கம்பைலர், எம்பிஐ, கெர்னல், நெட்வொர்க் டிரைவர், பயாஸ் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, பழையதை டிஸ்க் இடம் போதவில்லை என்று அழித்தும் விடுகிறோம். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? எனக்கு மெய்யாகவே கோபம் வரும் இடம் இது. பழைய மாட்யூல்கள் (நிறுவிய மென்பொருள் பதிப்புகள்) பிடிக்கும் இடம் ஒரு மாணவரின் அவுட்புட் ஃபோல்டர் அளவுகூட இருக்காது. ஸ்பேக் அல்லது ஈஸிபில்ட் என்ற நிறுவல் கருவி மூலம் லைப்ரரிகளைப் போட்டால், எது எந்த ஆப்ஷனோடு பில்ட் ஆனது என்பது எழுத்தில் இருக்கும். பழைய சூழலை இன்னொருமுறை எழுப்பலாம், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கலாம். கையால் ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை அடித்து நிறுவிய கிளஸ்டரில், போட்டவர் வேலை மாறிப் போனதும் எல்லாம் அவரோடு போய்விடுகிறது.

சென்னைக்காரர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை, ஆற்று நீர், கடல் மட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறும் என்று சொல்லும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு நமக்கென்று உருவானது. அப்படிப்பட்ட கணக்கில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏரி திறப்பதற்கு முன் வந்தாக வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய ஓட்டம் நாலரை மணி நேரம் எடுத்தால் அந்த விடை பதிவேட்டுக்குத்தான் உதவும். 2024 செப்டம்பரில் வானிலைக்கென்று ‘அர்கா’, ‘அருணிகா’ சூப்பர் கம்ப்யூட்டர்கள் 850 கோடி ரூபாயில் வந்தன. புது மெஷினுக்கு இவ்வளவு செலவழிக்கும் நாட்டில், இருக்கும் மெஷினின் வேகம் கசிகிறதா என்று பார்க்க ஒரு சம்பளம் ஒதுக்குவது பெரிய விஷயமே இல்லை.

ஆம், ஒரு சம்பளம். இது வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஒரு மாணவர் செய்துவிடக்கூடிய காரியமல்ல. மாணவர் தீசிஸ் முடித்துப் போனதும் ஸ்கிரிப்ட் அநாதையாகிவிடும். அப்படி அநாதையான ஸ்கிரிப்ட்களை எல்லா ஹோம் டைரக்டரியிலும் பார்க்கலாம். ஒரு நோடை க்யூவிலிருந்து எடுத்து இதற்கென்றே ஒதுக்குங்கள். இதைப் பார்ப்பதுதான் உன் வேலை என்று ஒரு இன்ஜினியருக்கு ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். “பயனர்கள் தங்கள் புரோகிராம் கோட் தர மாட்டார்கள்” என்று ஒரு உறுப்பினர் என்னிடம் சொன்னார். கோட் வேண்டாம், பத்து நிமிடம் ஓடும் பைனரியும் (பில்ட் செய்து முடித்த புரோகிராமும்) ஒரு இன்புட்டும் போதும். ஆய்வின் ரகசியம் எதுவும் அதில் இருக்காது. ஆனால் அந்த இன்புட் தண்ணீர் மூலக்கூறு அளவில் இருக்கக் கூடாது, மாணவர்கள் நிஜமாக ஓட்டும் அளவின் சாயலாவது இருக்க வேண்டும். டெண்டரிலும் அதே தொகுப்பைச் சேர்த்துவிட்டால் சப்ளையர் லின்பேக் எண்ணைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, இதைத் தனித்தனியாகச் செய்யாதீர்கள். கிண்டியில் ஜிசிசி கம்பைலரை மாற்றியதும் ஒரு கடல் மாடல் மெதுவானால், அது பள்ளிக்கரணைக்கும் தெரிய வேண்டும். தரமணியில் கண்டுபிடித்த ஒரு வரித் திருத்தத்தை சிறுசேரியில் இன்னொருவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. ஒரே லைப்ரரிகள், ஒரே மாதிரி சிப்கள், பெரும்பாலும் ஒரே சப்ளையர்கள். ரஸ்ட்காரர்கள் புது கம்பைலரை வெளியிடும் முன் பொதுவில் இருக்கும் எல்லாத் தொகுப்புகளையும் அதில் பில்ட் செய்து பார்க்கிறார்கள். ஜூலியா மொழிக்காரர்களும் பதிவான பேக்கேஜ்களை எல்லாம் ஓட்டிப் பார்க்கிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் பயனர்கள் அதிகம் ஓட்டும் புரோகிராம்களில் சிலவற்றைக் கொடுத்தாலே, ஊருக்கு ஒரு நல்ல தொகுப்பு சேர்ந்துவிடும்.

பெரும்பாலான இடங்களில் அடுத்த பராமரிப்பு மே மாதம்தான். கூட்டம் போட்டு, குழு அமைத்து, ஒப்புதல் வாங்கி எல்லாம் அதற்குள் நடக்காது என்பது தெரியும். அதுவரை ஒன்று மட்டும் செய்யுங்கள். மெஷினை நிறுத்துவதற்கு முந்தைய வாரம், உங்களிடம் அதிக நேரம் வாங்கும் பயனர்களின் ஜாப்களில் சிலவற்றை இப்போதைய சூழலிலேயே ஓட்டி, நேரத்தையும் மாட்யூல் பட்டியலையும் ஒரு ஃபைலில் எழுதிவையுங்கள். பழைய மாட்யூல்களைத் தீபாவளி வரையாவது அழிக்காதீர்கள். மெஷின் திரும்பி வந்ததும் அதே ஜாப்களை ஓட்டிவிட்டு, “பணி முடிந்தது” என்ற மின்னஞ்சலின் கீழே அந்த இரண்டு வரிசை எண்களையும் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் க்யூவில் காத்திருக்கும் ஒரு பயனர்,
தரமணி, சென்னை